திமிங்கில வேட்டைக் காலத்து மாலுமிப் பெட்டி: மரத்தையும் குடும்பக் கதையையும் சேர்த்துப் படிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோர ஊர்களான நியூ பெட்ஃபோர்ட், ஃபேர்ஹேவன், நான்டக்கெட், நியூ லண்டன் ஆகியவற்றின் பழைய வீடுகளில், பரணிலோ படிக்கட்டின் அடியிலோ, கயிற்றுக் கைப்பிடி கொண்ட மரப்பெட்டி ஒன்று இன்றும் அகப்படுவதுண்டு. திமிங்கில வேட்டைக்குப் புறப்பட்ட மாலுமிகள் தங்கள் உடைமை அனைத்தையும் அத்தகைய பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, மூன்று நான்கு ஆண்டுகள் அதன்மேல் உட்கார்ந்தும் உண்டும் வாழ்ந்தனர். பெட்டியோடு கூடவே ஒரு கதையும் அந்த வீட்டில் இருக்கும்: நம் முன்னோர் ஒருவர் கப்பல் தலைவராக இருந்தார், பசிபிக் கடலில் திமிங்கிலம் பிடித்தார், இது அவருடைய பெட்டி.

அந்தப் பெட்டியையும் அந்தக் கதையையும் தனித்தனியே சோதித்து, இரண்டும் உண்மையில் சந்திக்கும் இடத்தில் மட்டும் அவற்றை இணைப்பது எப்படி என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். பெட்டி பழையது என்பதால் கதை மெய்யாகிவிடாது. கதை மெய் என்பதால் பெட்டி அந்த மனிதருடையது என்றும் ஆகிவிடாது. நியூ இங்கிலாந்தில் குடியேறிய தமிழர்களுக்கு, திருமண உறவாலோ வாங்கிய வீட்டோடு வந்த பொருளாகவோ இத்தகைய பெட்டி கைக்கு வரக்கூடும். அவர்களுக்கும் கீழே சொல்லும் முறை அப்படியே பொருந்தும்.

காலப் பின்னணியைச் சுருக்கமாக மனத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்கத் திமிங்கில வேட்டை 1820 முதல் 1860 வரை உச்சத்தில் இருந்தது. 1846-இல் எழுநூறுக்கு மேற்பட்ட கப்பல்கள் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தன. 1857-இல் நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்துக்கு மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட கப்பல்கள் உரியனவாக இருந்தன. விளக்கெரிக்கும் எண்ணெய்க்கும் மெழுகுவத்திக்கும் திமிங்கிலத்தை நம்பியிருந்த சந்தையை 1859-இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் தோண்டப்பட்ட பெட்ரோலியக் கிணறு மாற்றத் தொடங்கியது. உள்நாட்டுப் போரும் வடதுருவப் பனியும் மீதியைச் சிதைத்தன. ஆயினும் 1920-கள் வரை சில கப்பல்கள் புறப்பட்டுக்கொண்டே இருந்தன. ஆகவே உங்கள் பெட்டி ஒரு நூற்றாண்டுப் பரப்பில் எங்கும் இருக்கலாம். அந்தப் பரப்பைச் சுருக்குவதுதான் முதற்பணி.

முதல் படி: கை வைக்கும் முன் பதிவு செய்தல்

பெட்டியைத் துடைக்கவோ, உள்ளே இருப்பதை வெளியே எடுத்து அடுக்கவோ வேண்டாம். இருக்கும் நிலையிலேயே ஆறு பக்கங்களையும், மூடியின் உட்புறத்தையும், அடிப்பகுதியையும் படமெடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் தெரியட்டும். பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளி விழச் செய்து எடுக்கும் படங்கள் மிக முக்கியமானவை. நேர் ஒளியில் மறைந்துபோகும் கீறிய எழுத்துகளும் இழைப்புளித் தடங்களும் சாய்வொளியில் எழுந்து தெரியும். உள்ளே இருக்கும் பொருள்கள் எந்த வரிசையில், எந்த மூலையில், எந்தத் துணியில் சுற்றப்பட்டு இருந்தன என்பதும் ஒரு சான்று. அதை ஒருமுறை கலைத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது.

அதே வாரத்தில் குடும்பப் பெரியவர்களிடம் கதையைக் கேட்டுப் பதிவு செய்துவிடுவது நல்லது. கேட்கும்போது கதையின் உள்ளடக்கத்தோடு நின்றுவிடாமல், யார் யாரிடம் எப்போது கேட்டார் என்பதையும் எழுத வேண்டும். பெட்டியின் சொந்தக்காரரைத் தன் சிறுவயதில் நேரில் பார்த்த பாட்டி சொன்னது ஒரு வகை. பிறகு ஓர் உறவினர் நூலகத்தில் படித்துவிட்டு வந்து சேர்த்தது வேறு வகை. நாள்போக்கில் இவை இரண்டும் ஒரே குரலாகிவிடுகின்றன. சொல்பவரின் சொற்களைத் திருத்தாமல், "கப்பல் தலைவர்" என்றாரா, "கப்பலில் போனவர்" என்றாரா என்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். குடும்பக் கதைகளில் மாலுமிகள் பதவி உயர்வு பெறுவது வழக்கம், இறங்குவது அரிது.

இரண்டாம் படி: மரத்தைப் படித்தல்

நியூ இங்கிலாந்துப் பெட்டிகள் பெரும்பாலும் வெண்பைன் மரத்தால் ஆனவை. ஆறு அகலப் பலகைகள், நான்கு மூலைகளிலும் விசிறி வடிவப் பற்களைக் கோத்துப் பொருத்தும் டவ்டெயில் இணைப்பு, தட்டையான மூடி என்பது அடிப்படை வடிவம். கப்பலுக்கென்றே செய்யப்பட்ட பல பெட்டிகளில் முன்பலகையும் பின்பலகையும் மேல்நோக்கி உட்சாய்ந்திருக்கும்; அடி அகன்றும் வாய் குறுகியும் இருப்பதால் கடல் ஆட்டத்தில் பெட்டி எளிதில் கவிழாது. ஈரத் தளத்திலிருந்து மரத்தைக் காக்க அடியில் இரண்டு கட்டைகள் அறையப்பட்டிருக்கும். உள்ளே, ஒரு பக்க ஓரத்தில், புகையிலை, ஊசி, சவரக்கத்தி போன்ற சிறு பொருள்களுக்காக மூடியுடன் கூடிய குறுகிய அறை ஒன்று இருக்கும். இவை எதுவும் இல்லாத ஆறு பலகைப் பெட்டி, கரையில் போர்வை வைக்கப் பயன்பட்ட சாதாரணப் பெட்டியாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டதையும் மாலுமிகள் எடுத்துச் சென்றிருக்கிறார்கள் என்பதால் வடிவத்தை மட்டும் வைத்து மறுத்துவிடவும் கூடாது.

கற்பூர மரப் பெட்டிகள் தனி வகை. சீன வணிகத் தொடர்பால் கான்டனிலிருந்து வந்த இவற்றைக் கப்பல் தலைவர்களும் அதிகாரிகளும் விரும்பி வாங்கினர். கம்பளித் துணியை அரிக்கும் பூச்சிகளைக் கற்பூர மணம் விரட்டும். மூடியைத் திறந்ததும் எழும் அந்த மணத்தை நம் வாசகர்கள் எவரும் உடனே அறிந்துகொள்வர். இத்தகைய பெட்டி ஒருவருடைய பொருளாதார நிலையைக் காட்டலாம்; ஆனால் அது திமிங்கிலக் கப்பலில் போனதற்குச் சான்றாகாது, ஏனெனில் வணிகக் கப்பல்கள் ஏராளமாக அவற்றைக் கொண்டுவந்தன.

காலத்தைக் கணிக்க இரும்பே சிறந்த வழிகாட்டி. கொல்லர் கையால் அடித்த, தலையில் பல முகங்கள் கொண்ட ஆணிகள் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரும்புத் தகட்டிலிருந்து இயந்திரத்தால் வெட்டப்பட்ட, செவ்வக வடிவக் குறுக்குவெட்டு கொண்ட ஆணிகள் 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் பயன்பட்டன. இன்று நாம் காணும் உருண்டைக் கம்பி ஆணி 1890 வாக்கில்தான் பெருவழக்காயிற்று. திருகாணிகளில் இன்னும் கூர்மையான எல்லை உண்டு: கீல்களைப் பிடிக்கும் திருகாணியின் முனை மழுங்கியிருந்தால் அது 1840-களின் பிற்பாதிக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகுதி; கூர்முனைத் திருகாணிகள் அதற்குப் பிறகே பரவின. ஒரே ஒரு கம்பி ஆணியைக் கண்டு பெட்டியே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். எங்கே அது அறையப்பட்டிருக்கிறது, பழைய துளையிலா, புதிய துளையிலா, பழுது பார்க்கும் தேவை அங்கே இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

பலகையின் பின்புறத்தில் விரலால் தடவிப் பாருங்கள். இழைப்புளியின் மெல்லிய அலைகள் தட்டுப்பட்டால் கைவேலை. நேர்கோட்டு ரம்பத் தடங்கள் பழைய ஆலைகளுக்குரியவை. வளைந்த தடங்கள் வட்ட ரம்பத்துக்குரியவை, அவை 1830-களுக்குப் பின்னரே பரவலாயின. டவ்டெயில் பற்கள் எல்லாம் அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தால், அவை 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வந்த இயந்திரத்தின் வேலை.

கயிற்றுக் கைப்பிடிகளை நான் தனியாகவே நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பெட்டியில் மாலுமியின் கை நேரடியாகத் தெரியும் இடம் அதுதான். பெக்கெட் எனப்படும் இக்கைப்பிடிகள் தார் ஊட்டிய சணற்கயிற்றைப் பின்னி, மேலே கித்தானோ தோலோ சுற்றி, வட்ட முடிச்சுகளால் அணிசெய்து, பக்கப் பலகைகளில் பொருத்திய மரத்தடிப்புகளின் துளை வழியே கோக்கப்பட்டவை. காற்றில்லாத நீண்ட நாள்களில் மாலுமிகள் இந்த முடிச்சு வேலையில் போட்டியிட்டுத் தேர்ச்சி காட்டினர். கயிறு அறுந்து மாற்றப்படுவது இயல்பே. புதிய கயிறு இருப்பதால் பெட்டியின் பழமைக்குக் குறைவில்லை. கவனிக்க வேண்டியது மரத்தடிப்பின் துளை. பல ஆண்டுகள் தூக்கிய பெட்டியில் கயிறு உராய்ந்து துளையின் ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்திருக்கும். கயிறு பழையதாகவும் துளை கூர்மையாகவும் இருந்தால் கேள்வி எழுப்ப வேண்டும்.

வண்ணப்பூச்சும் அப்படியே. நீலம், பச்சை, செம்மண் நிறங்கள் வழக்கமானவை. மூடியின் உட்புறத்தில் கப்பல், கொடி, திசைகாட்டி நட்சத்திரம் வரைந்த பெட்டிகளும் உண்டு, சந்தையில் அவற்றுக்கே மதிப்பு அதிகம். மதிப்பு அதிகம் என்பதாலேயே வெற்று மூடிகளில் பிற்காலத்தில் கப்பல் வரையப்படுவதும் அதிகம். ஓவியம் கீலின் இலைக்கு அடியிலும் தொடர்கிறதா, மரத்தில் விழுந்த வெடிப்பின் உட்சுவர்களுக்குள் வண்ணம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மரம் வெடித்த பிறகு பூசிய வண்ணமே வெடிப்புக்குள் இறங்கும்.

மூன்றாம் படி: பெயரும் எழுத்துகளும்

முன்பலகையில் இரண்டு மூன்று முதலெழுத்துகளோ, முழுப்பெயரோ, கப்பலின் பெயரோ இருக்கலாம். அதைக் கண்டதும் உரியவரைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணுவது மனித இயல்பு. ஆனால் கப்பல் வாழ்க்கையின் ஒரு வழக்கத்தை அறிந்தவர்கள் அங்கே சற்று நின்று யோசிப்பர். பயணத்தில் ஒரு மாலுமி இறந்தால், அவருடைய பெட்டியும் துணிகளும் பாய்மரத்தடியில் சக மாலுமிகளுக்கு ஏலம் விடப்படும்; தொகை இறந்தவரின் கணக்கில் சேர்க்கப்பட்டு, கரை திரும்பியதும் குடும்பத்துக்குப் போகும். வாங்கியவர் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு வேறு ஊருக்குத் திரும்பியிருப்பார். எனவே பெட்டியின் மேலிருக்கும் பெயரும், அது வந்து சேர்ந்த குடும்பத்தின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் ஒன்று பொய் என்று கொள்ள வேண்டியதில்லை. ஒத்துப்போகாமையே ஒரு மரணத்தின் தடமாக இருக்கக்கூடும். கப்பல் பதிவேட்டில் அதைத் தேடலாம்.

புதிதாகக் கடலுக்குப் போகும் இளைஞர்கள் பலர் துறைமுகத்துக் கடைக்காரரிடம் பெட்டியையும் உடைகளையும் கடனாக வாங்கினர். அந்தக் கடன் அவர்களுக்கு வரவேண்டிய பங்கில் கழிக்கப்பட்டது. திமிங்கிலக் கப்பலில் மாதச் சம்பளம் கிடையாது. பயண முடிவில் கிடைக்கும் வருமானத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பின்னப் பங்கு: கப்பல் தலைவருக்கு ஏறக்குறைய பன்னிரண்டில், பதினைந்தில் ஒரு பங்கு வரலாம், முதன்முறை போகும் இளைஞருக்கு 175-இல் அல்லது 200-இல் ஒரு பங்குதான். கடனைக் கழித்தபின் வெறுங்கையோடு இறங்கியவர்கள் ஏராளம். எளிய, அலங்காரமற்ற, மலிவான பெட்டி கிடைத்தால் ஏமாற்றமடைய வேண்டாம். கப்பல் தலைவரின் பெட்டியைவிட முன்தளத்தின் கீழறையில் கிடந்த அந்த இளைஞனின் பெட்டியே வரலாற்றுக்கு அரிய சான்று என்பது என் உறுதியான எண்ணம்.

எழுத்துகளின் பாணியையும் பாருங்கள். கத்தியால் கீறியது, தூரிகையால் எழுதியது, தகட்டு அச்சால் பதித்தது என மூன்று வெவ்வேறு கைகள் ஒரே பெட்டியில் இருக்கலாம். ஒவ்வொன்றும் ஓர் உரிமையாளர் என்று எடுத்துக்கொண்டு தனித்தனியே தேட வேண்டும்.

நான்காம் படி: பெயரிலிருந்து பயணத்துக்கு

இங்கேதான் வேலை செழிப்படைகிறது. நியூ பெட்ஃபோர்ட் திமிங்கில அருங்காட்சியகமும் மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகமும் இணைந்து நடத்தும் திமிங்கில வரலாற்று இணையதளத்தில், அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட 15,000-க்கு மேற்பட்ட பயணங்களின் தரவு இலவசமாகக் கிடைக்கிறது: கப்பலின் பெயர், தலைவர், துறைமுகம், புறப்பட்ட நாள், திரும்பிய நாள், கொண்டுவந்த எண்ணெய். அதனுடன் மாலுமிகளின் பெயர்ப்பட்டியல்களும் இணைக்கப்பட்டுள்ளன. நியூ பெட்ஃபோர்ட் பொது நூலகமும் இப்பட்டியல்களைப் பேணி வருகிறது.

தேடும்போது பெயரோடு தொடங்காமல், இரண்டாம் படியில் கிடைத்த கால எல்லையோடு தொடங்குவதே நல்லது. ஒரே பெயரில் வெவ்வேறு துறைமுகங்களில் பல கப்பல்கள் இருந்தன. ஒரே பெயரில் தந்தை, மகன், சிற்றப்பன் மகன் என மூவர் ஒரே பத்தாண்டில் கடலில் இருந்திருக்கலாம். நான்டக்கெட்டின் காஃபின், ஸ்டார்பக், மேசி, ஃபோல்ஜர், கார்ட்னர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்டு அதே பெயர்களைத் திரும்பத் திரும்ப வைத்தவர்கள். பெயர் பொருந்துவது அங்கே ஏறக்குறைய எதையும் நிறுவுவதில்லை.

1803-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டுப் பயணம் புறப்படும் கப்பலின் தலைவர் தம் மாலுமிகளின் பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். பெயர், பிறந்த இடம், வாழுமிடம், குடியுரிமை, வயது, உயரம், தோல் நிறம், முடி நிறம் ஆகியவை அதில் இருக்கும். அதற்கு முன்பே, 1796-ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்க மாலுமிகளுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்க வழி செய்தது. பிரிட்டிஷ் கடற்படை அவர்களைப் பிடித்துக் கட்டாயச் சேவையில் சேர்ப்பதைத் தடுக்க அது தேவைப்பட்டது. அச்சான்றிதழ்களிலும் உடல் அடையாளங்கள், சிலவற்றில் தழும்புகளும் பச்சைக்குத்தும்கூட, குறிக்கப்பட்டுள்ளன. சுங்க அலுவலகங்களின் மூல ஆவணங்களில் பெரும்பகுதி தேசிய ஆவணக் காப்பகத்தின் பாஸ்டன் கிளையில் உள்ளது. உங்களிடம் குடும்பப் புகைப்படமோ, உயரமும் கண் நிறமும் குறித்த ஒரு கடிதமோ இருந்தால், ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய இவையே உதவும்.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அவர் போகவில்லை என்று பொருளல்ல. அந்தப் பட்டியல் புறப்படும் நாளைச் சேர்ந்தது. கப்பல்கள் அசோர்ஸ் தீவுகளிலும் கேப் வெர்டேயிலும் நின்று ஆள் சேர்த்தன. ஹவாயின் லஹைனாவிலும் ஹொனலூலுவிலும் பலர் ஓடிப்போனார்கள், அவர்கள் இடத்தில் ஹவாய் இளைஞர்கள் ஏறினர். 1841 முதல் 1921 வரை 37 பயணங்கள் சென்று, இன்று மிஸ்டிக் துறையில் நிற்கும் சார்லஸ் டபிள்யூ. மார்கன் கப்பலில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பணியாற்றியிருக்கின்றனர். அவர்கள் பல நாட்டினர், பல இனத்தவர். பெயர்களும் வழியில் மாறின. பெரெய்ரா என்பவர் பெர்ரி ஆனார், ரோட்ரிகஸ் என்பவர் ராஜர்ஸ் ஆனார். 1841-இல் ஜான் ஹவ்லாண்ட் கப்பலின் தலைவர் வில்லியம் விட்ஃபீல்டு தீவொன்றிலிருந்து மீட்டு, பின்னர் ஃபேர்ஹேவனுக்கு அழைத்துவந்த ஜப்பானியச் சிறுவன் மஞ்சிரோவை மாலுமிகள் ஜான் மங் என்று அழைத்தனர். உங்கள் குடும்பப் பெயர் ஆங்கிலேயப் பெயராக ஒலிப்பதால் முன்னோரும் ஆங்கிலேயர் என்று எண்ணிவிட வேண்டாம்.

கப்பல் தலைவர் என்றால் வெள்ளையர் என்ற எண்ணத்தையும் ஆவணங்கள் திருத்துகின்றன. 1822-இல் நான்டக்கெட்டிலிருந்து இண்டஸ்ட்ரி என்ற கப்பலைக் கறுப்பின மாலுமிகளோடு நடத்திச் சென்ற அப்சலோம் பாஸ்டனும், 1850-களின் தொடக்கத்தில் மசாசாய்ட் கப்பலின் தலைவராக இருந்த வாம்பனோக் பழங்குடியினரான அமோஸ் ஹாஸ்கின்ஸும் பதிவில் உள்ளவர்கள். நியூ பெட்ஃபோர்டில் வாழ்ந்த கறுப்பினக் கொல்லர் லூயிஸ் டெம்பிள் 1848-இல் உருவாக்கிய மடங்கும் எறியீட்டி, தொழிலின் போக்கையே மாற்றியது. இத்தகையோர் குடும்பங்களின் பெட்டிகள் அருங்காட்சியகங்களில் குறைவாகவே காணப்படுகின்றன. உங்கள் தேடல் அப்படி ஒரு பெயரில் போய் நின்றால், இரு மடங்கு கவனத்தோடு பதிவு செய்யுங்கள்.

1843 முதல் 1914 வரை நியூ பெட்ஃபோர்டில் வெளிவந்த திமிங்கிலக் கப்பல் வார இதழின் பக்கங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. எந்தக் கப்பல் எந்தக் கடலில் எத்தனை பீப்பாய் எண்ணெயோடு காணப்பட்டது என்ற செய்தி வாரந்தோறும் அதில் இருக்கும். வீட்டில் காத்திருந்த மனைவியர் படித்த செய்தியும் அதுவே.

ஐந்தாம் படி: கப்பல் பதிவேடு

பயணம் அடையாளப்பட்டதும், அதன் நாட்பதிவேடு எஞ்சியுள்ளதா என்று பாருங்கள். நியூ பெட்ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் 2,000-க்கு மேற்பட்டவை உள்ளன. பிராவிடன்ஸ் பொது நூலகத்தின் நிக்கல்சன் தொகுப்பும், நான்டக்கெட் வரலாற்றுச் சங்கமும் பெரிய சேகரங்களை வைத்திருக்கின்றன. பலவும் பக்கம் பக்கமாக இணையத்தில் ஏற்றப்பட்டுள்ளன.

பதிவேட்டின் பெரும்பகுதி காற்றும் திசையும்தான். ஓரங்களில் பதித்த திமிங்கில முத்திரைகளே வாசகரின் கண்ணைப் பிடிக்கும். முழுத் திமிங்கில உருவம் பிடிபட்டதைக் குறிக்கும், அதன் வயிற்றில் விட்ட வெள்ளை இடத்தில் பீப்பாய் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கும். கடலில் மூழ்கும் வாலின் உருவம் தப்பியதைக் குறிக்கும். நீங்கள் தேட வேண்டியவை வேறு: நோயுற்றோர், தண்டனை, ஓடிப்போனோர், துறைமுகத்தில் ஏறியோர், இறந்தோரின் பொருள் ஏலம். சாதாரண மாலுமியின் பெயர் பதிவேட்டில் வருவது இத்தகைய இடங்களில்தான்.

குடும்பக் கதை ஏதேனும் பெரும் நிகழ்வைத் தொட்டுச் சென்றால் பதிவேட்டின் துணை இன்னும் தேவை. எடுத்துக்காட்டாக, 1871 செப்டம்பரில் அலாஸ்காவின் வடகரையில் பனியில் சிக்கிய 33 கப்பல்களைக் கைவிட்டு, 1,200-க்கு மேற்பட்டோர் சிறு படகுகளில் வெளியேறினர். ஏழு கப்பல்கள் அவர்களை ஏற்றிக்கொள்ளத் தம் சரக்கையே கடலில் எறிந்தன. ஓர் உயிரும் போகவில்லை. அந்தப் பேரிடரிலிருந்து இந்தப் பெட்டி மீண்டது என்று ஒரு குடும்பம் சொன்னால், அந்த மனிதர் அங்கே இருந்ததைப் பட்டியல் உறுதி செய்யக்கூடும். ஆனால் இடமில்லாத படகில் கனத்த பெட்டி வந்தது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். அது அவருடைய அடுத்த பயணத்துக்கு வாங்கிய பெட்டியாக இருப்பதே பெரும்பாலும் பொருந்தும்.

ஆறாம் படி: கரையின் ஆவணங்கள்

கடலில் கிடைத்ததைக் கரையோடு ஒட்ட வேண்டும். மாசசூசெட்ஸ் ஊர்களின் 1850 வரையிலான பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் ஊர்வாரியாக அச்சிடப்பட்டுள்ளன. 1850-க்கு முந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். 1850 முதல் சுதந்திர மனிதர் அனைவரின் பெயரும், 1880 முதல் தலைவரோடு உள்ள உறவும் குறிக்கப்பட்டன. 1890-ஆம் ஆண்டுத் தாள்கள் பெரும்பாலும் தீயினால் அழிந்துவிட்டதால் அந்த இடைவெளியை நகர முகவரிக் கையேடுகளால் நிரப்ப வேண்டியிருக்கும். நான்டக்கெட்டுக்கு எலைசா ஸ்டார்பக் பார்னி தொகுத்த வம்சாவளிப் பதிவு பெருந்துணை. தீவினர் பல்லாயிரவரின் உறவுமுறை அதில் உள்ளது. அந்தத் தீவில் 1846 ஜூலைப் பெருந்தீ பல ஆவணங்களை அழித்துவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அசோர்ஸ் வழிவந்தவர்களுக்கு, அத்தீவுகளின் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் பெருமளவில் இணையத்தில் திறந்தே இருக்கின்றன.

எளிமையும் வலிமையும் உடைய ஒரு சோதனை உண்டு. பயண நாள்களையும் பிள்ளைகளின் பிறந்தநாள்களையும் ஒரே தாளில் அருகருகே எழுதுங்கள். திமிங்கில மாலுமியின் வீட்டில் பிள்ளைகள் மூன்று நான்கு ஆண்டு இடைவெளியில், தந்தை கரையில் இருந்த மாதங்களை ஒட்டிப் பிறந்திருப்பர். அவர் பசிபிக்கில் இருந்த காலத்தின் நடுவே ஒரு பிள்ளை பிறந்ததாகக் கணக்கு வந்தால், பெரும்பாலும் நீங்கள் அதே பெயருடைய வேறொருவரின் பயணத்தைப் பிடித்திருக்கிறீர்கள். சில தலைவர்களின் மனைவியர் கூடவே கப்பலில் போனதும் உண்டு. அப்போது பிறப்பிடம் ஹொனலூலு என்றோ கடல் என்றோ இருக்கும்.

இறந்தவரின் சொத்துப் பட்டியலை நீதிமன்றப் பதிவுகளில் தேடுவது பலரும் விட்டுவிடும் வேலை. நாற்காலி, கரண்டி, போர்வை என்று ஒவ்வொன்றாக விலையிட்டு எழுதும் அப்பட்டியலில் "ஒரு மாலுமிப் பெட்டி" என்ற வரி கிடைத்தால், இந்தத் தேடலில் அதைவிட வலுவான இணைப்பு அரிது.

ஏழாம் படி: உள்ளிருக்கும் பொருள்களும் சட்டமும்

பாய் தைக்கும் உள்ளங்கைத் தோலுறை, எலும்பாலான முடிச்சவிழ்ப்பான், சிறு மரப்பெட்டிகள், சிப்பிகள், கடிதங்கள் எல்லாம் இருக்கலாம். அவற்றுள் மிகவும் கவனம் வேண்டுவது, ஸ்கிரிம்ஷா எனப்படும் செதுக்கோவியம் கொண்ட ஸ்பெர்ம் திமிங்கிலப் பற்கள். நான்டக்கெட் கப்பலான சூசனில் 1828, 1829 ஆண்டுகளில் பிரெடெரிக் மைரிக் என்ற மாலுமி கையெழுத்திட்டுத் தேதியிட்டுச் செதுக்கிய பற்கள் மிகப் புகழ்பெற்றவை. அவற்றைப் போன்ற நெகிழி வார்ப்புகளும் உலகெங்கும் ஏராளம். சூடான ஊசியைக் குத்திப் பார்க்கும் பழைய சோதனையைச் செய்யாதீர்கள்; அது உண்மைப் பல்லைக் கெடுக்கும். வேர்ப்பக்கக் குழிவு, எடை, இயற்கை வளர்ச்சி அடுக்குகள், புறஊதா ஒளியில் தெரியும் ஒளிர்வு ஆகியவற்றை அறிந்தவரிடம் காட்டுங்கள்.

அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டுக் கடற்பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும் 1973-ஆம் ஆண்டு அழிநிலை உயிரினச் சட்டமும் இத்தகைய பொருள்களின் விற்பனையைக் கட்டுப்படுத்துகின்றன. நூறாண்டு கடந்த பழம்பொருளுக்கு விலக்கு உண்டு என்றாலும், அதை நிறுவும் பொறுப்பு உங்களுடையது. விற்கும் எண்ணம் இருந்தால் முன்னதாகவே தேசிய கடல்மீன்வளத் துறையிடம் கேட்டுவிடுங்கள். ஊருக்குப் போகும்போது அந்தப் பற்களை நினைவுப்பொருளாகப் பயணப்பெட்டியில் வைத்துச் சென்னைக்கு எடுத்துவர எண்ண வேண்டாம். ஸ்பெர்ம் திமிங்கிலம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது, இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. உரிய அனுமதியின்றி எல்லை கடத்துவது இரு நாட்டிலும் குற்றமாகும்.

பசிபிக் தீவினரின் அணிகலன்களோ வழிபாட்டுப் பொருள்களோ மனித எலும்போ இருந்தால், அவற்றை அலங்காரமாக வைக்காமல், அப்பண்பாட்டை அறிந்த அருங்காட்சியகத்தோடு தொடர்புகொள்ளுங்கள். அவை விலைகொடுத்து வாங்கப்பட்டனவா என்பதைப் பெட்டி சொல்லாது, அவற்றுக்கு உரியோரின் உறவினர்கள் இன்றும் அத்தீவுகளில் வாழ்கின்றனர்.

எட்டாம் படி: பேணுதல்

பழைய வண்ணத்தைச் சுரண்டவோ, மெருகெண்ணெய் தடவவோ கூடாது. அந்த வண்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்பு மிகுதி என்பதால் தேய்ப்பது உடலுக்கும் தீங்கு. மென்தூரிகையால் தூசியைத் தளர்த்தி, வலைத்துணி கட்டிய உறிஞ்சியால் எடுத்தாலே போதும். குளிர்காலத்தில் வெப்பமூட்டிய அறைகள் மிகவும் வறண்டுவிடும். பலகை குறுக்கே சுருங்க, மூலை இணைப்பு அதை இறுகப் பிடித்திருப்பதால் வெடிப்பு விழுகிறது. ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டை ஒட்டி நிலையாக இருக்கட்டும். விழுந்த வெடிப்பைப் பசையால் நிரப்பாதீர்கள். நம் வழக்கப்படி அந்துருண்டை போட்டு வைப்பதும் வேண்டாம். அதன் வாடை மரத்தில் ஏறினால் எளிதில் நீங்காது.

காகிதங்களை ஒளிநகல் எடுத்தபின் அமிலமற்ற உறைகளில் வையுங்கள். ஒட்டுநாடாவும் நெகிழிப் பூச்சும் காகிதத்துக்குக் கேடு. பழைய பதிவேடுகளின்மேல் செய்தித்தாள் துணுக்குகளை ஒட்டிப் பிள்ளைகளின் படத்தொகுப்பாக மாற்றியிருப்பதைப் பல வீடுகளில் காணலாம். அவற்றைப் பிரித்தெடுப்பது பயிற்சி பெற்ற பேணுநரின் வேலை. அமெரிக்கப் பேணுநர் சங்கத்தின் இணையதளத்தில் அருகிலுள்ளவரைத் தேடலாம்.

ஒன்பதாம் படி: கோப்பு எழுதுதல்

கண்டவற்றை மூன்று நிலையில் பிரித்து எழுதுங்கள்: ஆவணத்தால் உறுதியானவை, பொருந்தக்கூடியவை, குடும்பத்தார் சொன்னவை. மூன்றாம் நிலையில் இருப்பவற்றை வெட்கப்பட்டு நீக்க வேண்டாம்; யார் சொன்னது என்ற குறிப்போடு அவை இருக்கட்டும், நாளை வேறொரு ஆவணம் அவற்றை மேலே ஏற்றலாம். படங்கள், பட்டியல் நகல்கள், கொடிவழி, பிறந்தநாளும் பயணநாளும் ஒப்பிட்ட தாள் ஆகியவற்றோடு ஒரு பிரதியைப் பெட்டியின் உட்புற அறையில் வைத்து, இன்னொன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க எண்ணினால், அவர்களிடம் பெட்டிகள் ஏற்கெனவே பல இருக்கும் என்பதால் மறுக்கப்படலாம். கடிதங்களும் கணக்குத் தாள்களும் பயணப் பதிவேடும் அப்படியல்ல; அவற்றை நகலெடுத்துக்கொள்ளவேனும் பெரும்பாலும் ஒப்புக்கொள்வர். எனவே முதலில் கோப்பை அனுப்பி, பெட்டியைப் பற்றிப் பிறகு பேசுங்கள். கொடுக்கும்போது உரிமை மாற்றப் பத்திரத்தில், பொருளோடு கோப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.